கல்லூரியில் துறை மாற்றம்: முதல் மாதம் ஐந்துக்கு நாலு நட்சத்திரம், அப்புறம் ஒன்றரைதான்

"கிடைச்சதுல சேர்ந்துடு, பிறகு மாத்திக்கலாம்" என்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தபின் துறையை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதுதான். ஆனால் அந்த வழி சீக்கிரம் அடைபட்டுவிடும்.

முதலில் தகுதியைப் பாருங்கள். ஊட்டி கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் துறை இருக்கிறது, முதுமலையும் பக்கம், ஆசை வருவது இயல்பு. ஆனால் விலங்கியல் சார்ந்த படிப்புக்கு ப்ளஸ் டூவில் உயிரியல் பாடம் வேண்டும். வணிகவியல் குரூப்காரர்கள் தமிழ், வரலாறு, பொருளியல் பக்கம் போகலாம்.

அடுத்தது காலியிடம். துறையில் இடம் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் இருக்க வேண்டும். கேட்கும் முன் தரவரிசைப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலான படிப்புகளுக்கு நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்தான் கணக்கு. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண். 400க்குச் சுமாராக எடுத்தவர்கூடத் தமிழில் நல்ல மதிப்பெண் வைத்திருந்தால் அங்கே முன்னால் வரலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

பிறகு நடைமுறை: கல்லூரி முதல்வருக்கு மனு, பழைய துறை, புதுத் துறை இரண்டின் தலைவர்களின் கையெழுத்து, அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேட்டில் திருத்தம். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கி வையுங்கள். கூடலூரிலிருந்து நடுவட்டம் மலை ஏறி வந்து, ஒரு கையெழுத்து இல்லாமல் திரும்புவது கொடுமை.

முதல் மாதத்தில் மாறினால் இழப்பு குறைவு. பகுதி ஒன்று தமிழும் பகுதி இரண்டு ஆங்கிலமும் பொது. பகுதி மூன்றில் மேஜரும் (முதன்மைப் பாடம்) அலைடும்தான் (துணைப் பாடம்) விட்டுப்போகும். தாமதமானால் புதுத் துறையில் 75 சதவீத வருகை எட்டாது. ஒரு செமஸ்டர் முடிந்தபின் அநேகமாக மறுபடி புது விண்ணப்பம்தான்: 48 ரூபாய் விண்ணப்பக் கட்டணம், 2 ரூபாய் பதிவு, ஒரு வருடம் போச்சு.

பெரும்பாலும் இடறுவது கடைசியில்தான். கல்லூரிப் பதிவேட்டில் துறை மாறியிருக்கும், பல்கலைக்கழகப் பதிவில் பழையதே நிற்கும். ஹால் டிக்கெட்டில் பழைய துறையின் பேப்பர் குறியீட்டு எண் வந்து விழும். கல்லூரி மாணவர் விவரங்களை வைத்திருக்கும் அரசின் இணையத் தளமான யூமிஸ் (UMIS) பதிவையும் சேர்த்துத் திருத்தச் சொல்லுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை அந்தப் பதிவை வைத்துத்தான் வருகிறது. தேர்வுக் கட்டணம் கட்டும்போதே பேப்பர் பட்டியலை வரிவரியாகப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.