கத்திரி வெயிலும் எம்.எஸ்.ஸும்: கூலிங் வெஸ்ட்டோடு நாலு கோடை

எனக்கு மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோய் என்று தெரிந்து ஒன்பது வருஷம் ஆகிறது. சூடு ஆகாது என்று தெரிந்தது வெயிலில் இல்லை, தீபாவளி விடியற்காலையில். அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, அண்டா நிறைய வெந்நீர் போட்டுக் கொடுத்தார். குளித்துவிட்டு வந்தால் வலது கண்ணில் எல்லாமே மங்கல். காலண்டரில் இருந்த சிவப்புத் தேதிகள் வெளுத்துப்போய்த் தெரிந்தன. ஃபேனுக்குக் கீழே முக்கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் சிவப்பு திரும்பி வந்தது.

டாக்டரிடம் சொன்னபோது, முன்பெல்லாம் இந்த நோயைக் கண்டுபிடிக்கவே வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்துப் பார்ப்பார்கள் என்றார். ஆக, அம்மா வீட்டிலேயே டெஸ்ட் எடுத்துவிட்டார். இதற்கு ஊத்தாஃப் விளைவு என்று பெயர். 1890இல் வில்ஹெல்ம் ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். உடலை வருத்துவதுதான் காரணம் என்று அவர் நினைத்தார். சூடுதான் என்பது பின்னால் தெரியவந்தது. நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறை சிதைந்த இடத்தில் தகவல் ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடம்பின் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே அங்கே நின்றுவிடலாம். குளிர்ந்தால் மறுபடி ஓடும். புதிதாக எதுவும் கெட்டுப்போவதில்லை என்று கேட்டதும் பாதி பயம் போனது. ஆனால் நன்றாகக் குளிர்ந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது காய்ச்சல் இருந்தால், நான் டாக்டருக்குப் போன் செய்துவிடுவேன்.

சொந்தக்காரர்கள் சொல்லும் 'உடம்புச் சூடு' வேறு. வெந்தயம் ஊறவைத்துக் குடி, எண்ணெய் தேய்த்துக் குளி என்பார்கள். வெந்தயம் சரி. எண்ணெய்க் குளியலை நான் இப்போது பச்சைத் தண்ணீரில் முடித்துக்கொள்கிறேன்.

சரி, உடம்பைக் குளிர்ச்சியாக வைக்கச் சட்டைபோலப் போட்டுக்கொள்ளும் கூலிங் வெஸ்ட்டுக்கு வருகிறேன். முதலில் வாங்கியது தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொள்ளும் வகை. விலை குறைவு. சென்னையில் அது தண்டம். ஈரம் ஆவியானால்தான் அது குளிரும். மே மாதப் புழுக்கத்தில் வியர்வையே காய்வதில்லை, வெஸ்ட் எங்கே காயும்? பத்து நிமிஷத்தில் வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சுற்றிக்கொண்ட கதைதான். அதையே வேலூரில் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனேன், அந்த வறண்ட வெயிலில் அருமையாக வேலை செய்தது. ஏர் கூலருக்கும் இதே நியாயம்தான். வாங்கும் முன் உங்கள் ஊர்க் காற்றைப் பாருங்கள்.

இரண்டாவது, உறையும் பேக் வைத்த வெஸ்ட். உள்ளே இருக்கும் பொருள் சுமார் 15 டிகிரியில் உறைவதால் ஃப்ரீசர் வேண்டாம், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டே போதும். அவசரமென்றால் ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் போடலாம். ஐஸ் மாதிரி தோலைக் கடிக்காது. இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். கத்திரியில் எனக்குக் கிடைத்தது ஒன்றேகால் மணி நேரம். கிட்டத்தட்ட இரண்டு கிலோ கனம், தோள் வலிக்கும். யாரும் சொல்லாத ஒரு தொல்லையும் உண்டு. நம் ஊர் ஈரக்காற்று அந்தப் பேக்கின் மேல் குளிர்ந்த சொம்பில் போல முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும், குர்தா முதுகெல்லாம் நனைந்துவிடும். கையில் எப்போதும் ஒரு மாற்றுச் சட்டை வைத்திருப்பேன்.

முதல் கோடையில் இதைத் தப்பாகத்தான் பயன்படுத்தினேன். ஆபீஸ் போய்ச் சேர்ந்து, கால் தளர்ந்த பிறகு போட்டுக்கொண்டேன். இடது காலில் செருப்பு கழன்றதே தெரியாமல் ஏ.ஜி.-டி.எம்.எஸ். மெட்ரோ வாசலிலிருந்து நாலு கடை தாண்டிப் போயிருந்தேன். பூக்காரம்மா கூப்பிட்டுக் கொடுத்தார். இப்போது கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே வீட்டில் போட்டுக்கொண்டு, ஐஸ் போட்ட மோரும் குடித்துவிட்டுப் புறப்படுகிறேன். ஏறிய சூட்டை இறக்குவதைவிட ஏறாமல் தள்ளிப்போடுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. ஐந்து நட்சத்திரத்தில் நாலு கொடுப்பது இதற்காகத்தான்.

வெஸ்ட் காப்பாற்றாத ஒரு கோடையும் இருந்தது. பாத்ரூம் அவசரத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தேன். அது போதாதென்று, அதற்காகத் தந்த ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை வியர்வையையும் குறைக்கும் என்பது எனக்குத் தெரியாது. வியர்க்காத உடம்பு எப்படிக் குளிரும்? டாக்டரிடம் பேசி மாத்திரையை மாற்றிக்கொண்டோம். நானாக நிறுத்தவில்லை. தண்ணீரைப் பழையபடி குடிக்க ஆரம்பித்தேன், போகும் வழியில் எங்கெங்கே பாத்ரூம் உண்டு என்பது மனப்பாடம்.

வெஸ்ட்டின் மேல் துப்பட்டா போட்டால் வெளியே தெரியாது, மெட்ரோ சோதனையில் மட்டும் மாட்டிக்கொள்வேன். "என்னக்கா இது, தொட்டா சில்லுனு இருக்கு?" என்று கேட்ட பாதுகாப்புப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். முதுகில் இன்னொரு தரம் கை வைத்துப் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் ஒண்ணு குடுத்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

நாலாவது கோடையில் ஒரு பேக் ஓரத்தில் கசிய ஆரம்பித்திருக்கிறது. விற்ற கடையில் தனிப் பேக் கிடையாதாம், முழு செட்டாகத்தான் வாங்க வேண்டுமாம். அதற்குத்தான் ஒரு நட்சத்திரம் குறைத்தேன். அம்மாவின் புகார் வேறு: ஃப்ரிட்ஜில் தயிர் வைக்க இடமில்லை.