பழைய குங்ஃபூ படம்: டிவிடியா, புளூ-ரேயா?

1970களின் ஹாங்காங் சண்டைப் படங்களை டிவிடியில் வைத்திருப்பவர்கள் புளூ-ரேக்கு மாறலாமா? தாராளமாக மாறலாம். தெளிவை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேகம்.

சினிமா ஓடுவது நொடிக்கு 24 பிரேம். ஐரோப்பாவில் வந்த, PAL என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடிகளில் அது 25 ஆகிவிடும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். குடும்பக் கதையில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். சண்டையில் அப்படியில்லை. படப்பிடிப்பிலேயே கேமராவை நொடிக்கு 24-க்கும் குறைவான பிரேமில் ஓட்டி, திரையில் அடிகளுக்கு வேகம் கூட்டுவது ஹாங்காங்கில் வழக்கம். அதன்மேல் இந்த நான்கு சதவீதமும் ஏறினால், அடியைத் தடுத்து, ஒரு கணம் நின்று, திருப்பி அடிக்கும் அந்த இடைவெளி சுருங்கிப்போகிறது. புளூ-ரேயில் 24 அப்படியே இருப்பதால் சண்டை இயக்குநர் வைத்த தாளம் கெடுவதில்லை.

தெளிவும் சும்மா இல்லை. டிவிடியின் 576 வரிகள் எங்கே, 1080 எங்கே! ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் ஸ்டுடியோ படங்களின் அகலத்திரையில் முழு உருவமாக நிற்பவரின் பாத அசைவு வரை தெரிகிறது.

ஆனால் சில புளூ-ரேக்களில் பிலிமில் இயல்பாகத் தெரியும் நுண்புள்ளிகளை (grain) அளவுக்கு மீறித் துடைத்து, முகங்களை மெழுகுப் பொம்மை ஆக்கியிருக்கிறார்கள். அப்புறம் ஒலி. பழைய மோனோவை (ஒற்றைத் தட ஒலி) விட்டுவிட்டு, புதிதாகச் சேர்த்த அடிச் சத்தத்தோடு 5.1 சரவுண்ட் ஒலி மட்டும் தந்தால் பாதிப் படம் போச்சு. அட்டையில் மூல மொழி மோனோ இல்லையென்றால் பழைய டிவிடியைக் கைவிடாதீர்கள்.