4,200 டாலர் போச்சு, காதில் ஓட்டை அப்படியே இருக்கிறது: ஆபரேஷனுக்கு வெளிநாடு கிளம்புகிறவர்கள் கவனிக்கவும்

நேற்று சாயங்காலம் ஈ.என்.டி. டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் என் இடது காதைப் பார்த்துவிட்டு, "ஓட்டை கொஞ்சம் பெரிசாகத்தான் இருக்கு, ஆபரேஷன் பண்ணிக்கிற எண்ணம் இருக்கா?" என்று கேட்டார். பண்ணிப் பத்து வாரம் ஆகிறது டாக்டர் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. காது மடலை முன்னால் மடக்கிப் பின்னால் இருந்த தழும்பைப் பார்த்தார், மறுபடி மைக்ரோஸ்கோப்புக்குப் போனார்.

ராத்திரி தூக்கம் இல்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை, வக்கீலிடம் பேசும்வரை வாயைத் திறக்காதே என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். எந்த மாதிரி ஆட்கள் என்று மட்டும் சொல்கிறேன். நோயாளியையும் வெளிநாட்டு ஆஸ்பத்திரியையும் சேர்த்துவைக்கும் ஒரு இணையதளம். ஆஸ்பத்திரியும் கிடையாது, டாக்டரும் கிடையாது, நடுவில் நிற்கிறவர்கள். போன பணம் 4,200 டாலர், விமான டிக்கெட் தனி. நீங்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

சின்ன வயதில் காதில் சீழ் வந்து வந்து செவிப்பறை ஓட்டையானது. தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் வாசலின் தடவிய பஞ்சை அடைத்துக்கொண்டுதான் குளிப்பேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் பத்து நாள் ஒழுகும். இடது பக்கம் உட்கார்ந்து யாராவது பேசினால் தலையைத் திருப்பினால்தான் புரியும். இதற்கு டிம்பனோபிளாஸ்டி என்று ஒரு ஆபரேஷன். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கத்துத் தசையை மூடியிருக்கும் மெல்லிய உறையையோ, காதுக் குருத்தெலும்பில் ஒரு சிறு துண்டையோ எடுத்து ஓட்டைக்கு ஒட்டுப் போடுவார்கள். செவிப்பறை என்பது ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட வராத, காகிதம் மாதிரியான சவ்வு. நான் இருக்கும் இடத்தில் அரசு வழியில் போனால் பதினொரு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள், தனியாரிடம் போகக் கையில் அவ்வளவு இல்லை. அப்போதுதான் இந்த இணையதளம் கண்ணில் பட்டது.

எங்கே விழுந்தேன் என்று நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. வீடியோ காலில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெரிய டாக்டர் ஒருவர் வந்தார். கையில் பிளாஸ்டிக் காது பொம்மை. அதன் செவிப்பறையை ஒரு விரலால் கழற்றி, திரும்ப மாட்டி, "இவ்வளவுதான் அம்மா" என்றார். முக்கால் மணி நேரம் பேசினார், அவசரமே படவில்லை, நான் எழுதிவைத்திருந்த பதினாலு கேள்விக்கும் பதில் சொன்னார். இத்தனை வருஷத்தில் என் காதைப் பற்றி ஒருத்தர் முக்கால் மணி நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் போனபிறகு ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பையன், தமிழ்ப் பையன்தான், லைனில் வந்தான். "அக்கா, இனிமே உங்க காது எங்க பொறுப்பு. நீங்க சூட்கேஸ் மட்டும் எடுத்துட்டு வாங்க" என்றான். அன்று ராத்திரியே 4,200 டாலரை அனுப்பிவிட்டேன். கிரெடிட் கார்டில்கூட இல்லை, நேரடி வங்கிப் பரிமாற்றம், அதில் போட்டால் மூன்று சதவீதம் தள்ளுபடி என்றான் பாருங்கள், அதற்கு ஆசைப்பட்டு.

அங்கே போய் இறங்கியபோது காது லேசாக ஒழுகிக்கொண்டிருந்தது. பொதுவாகக் காது சில வாரமாவது காய்ந்திருந்தால்தான் இந்த ஆபரேஷனுக்கு எடுப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போதே நான் சொன்னேன், ஒழுகுகிறதே என்று. "அதெல்லாம் ஆன்டிபயாட்டிக் கவர் பண்ணிடும்" என்றார் ஒரு ஜூனியர். கேட்கும் திறனைப் பார்க்கும் ஆடியோகிராம் எடுக்கவே இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் எவ்வளவு கேட்கிறது, காதுக்குள்ளே இருக்கும் சின்ன எலும்புகள் சரியாக இருக்கின்றனவா, உள்காது எப்படி என்றெல்லாம் அதை வைத்துத்தான் யோசிப்பார்கள். ஸ்கேன் பற்றிக் கேட்டதற்குத் தேவையில்லை என்றார்கள்.

மயக்க மருந்து கொடுக்கிற மேஜையில் படுத்துக்கொண்டு, பொம்மை காட்டின டாக்டர் வருவார் வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது வேறொருவர், முகக் கவசத்தோடு. பெரிய டாக்டர் எங்கே என்றேன். "அவர் மேற்பார்வை" என்றார்கள். அதற்குள் கையில் ஊசி ஏறிவிட்டது. அப்புறம் ஒன்றும் தெரியாது.

அஞ்சாம் நாளே விமானம். டிக்கெட் போட்டதும் அவர்கள்தான், பறக்கலாம் என்று ஒரு பக்கக் கடிதம் கொடுத்ததும் அவர்கள்தான். விமானம் கீழே இறங்க ஆரம்பித்தபோது இடது காதுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது மாதிரி இருந்தது. மூக்கைப் பிடித்து ஊதவும் முடியாது, ஒட்டுப் போட்ட காதில் அதைச் செய்யவே கூடாது. முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்கி விழுங்கி வந்தேன். தரை தட்டும்போது பஞ்சு வெதுவெதுப்பாக நனைந்திருந்தது, எடுத்துப் பார்த்தால் ரோஸ் நிறம். நேற்று டாக்டர் கேட்ட இரண்டாவது கேள்வியே "எத்தனாவது நாள் ஃபிளைட் ஏறினீங்க?" என்பதுதான். அஞ்சு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பொதுவாகச் சில வாரம் பறக்க வேண்டாம் என்றுதான் தான் சொல்வதாகச் சொன்னார்.

அதன் பிறகு நடந்த கூத்துதான் இன்னும் வயிற்றெரிச்சல். நாக்கின் இடது பாதியில் எதைத் தின்றாலும் இரும்புச் சுவை. நடுக்காதுக்குள்ளேயே சுவை நரம்பு ஒன்று ஓடுகிறது, இந்த ஆபரேஷனில் அது உரசுப்படுவது உண்டு, பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகிவிடும். இந்த ஒரு வரியை முன்னாடியே சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். பையன் சொன்ன வைத்தியம், "உப்புத் தண்ணில வாய் கொப்பளிங்க அக்கா." இரண்டாவது வாரம் காதுக்குள் வைத்த துணியை எடுக்க வேண்டும். "உங்க ஊர் டாக்டர் யாராவது எடுத்துடுவாங்க" என்றான். எந்த டாக்டரும் தொட மாட்டேன் என்கிறார்கள், இன்னொருவர் செய்த ஆபரேஷன், என்ன செய்தார் என்று குறிப்பு இல்லாமல் எப்படிக் கை வைப்பது? அவர்கள் கேட்டதில் தப்பில்லை. குறிப்பை அனுப்பச் சொல்லி ஆறு தடவை எழுதினேன். முதல் இரண்டு பதிலில் நான் அக்கா. அடுத்ததில் மேடம். கடைசியில் "மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு" என்று ஆரம்பித்தது, கீழே பெயரும் இல்லை.

ஒருவழியாகக் குறிப்பு வந்தது, ஒரே பக்கம். அதைத்தான் நேற்று டாக்டரிடம் நீட்டினேன். காது வாசலுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்குமே ஒரு சின்னக் குருத்தெலும்பு, டிரேகஸ் என்பார்கள், அங்கிருந்து துண்டெடுத்து ஒட்டியதாக எழுதியிருக்கிறது. டாக்டர் லைட் அடித்து உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டையும் பார்த்தார். கீறின அடையாளமே இல்லை. தழும்பு இருப்பதெல்லாம் காதுக்குப் பின்னால். அப்படியானால் அது யாருடைய குறிப்பு? எந்த ஊர் எந்த மனுஷருடைய காது அது? "ஆபரேஷனுக்குப் பின் கேட்கும் திறன் மேம்பட்டது" என்று வேறு கடைசி வரியில் போட்டிருக்கிறார்கள். முன்னாலும் எடுக்கவில்லை, பின்னாலும் எடுக்கவில்லை, எதை வைத்து மேம்பட்டது?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒட்டு ஒட்டாமல் போவது மட்டும் மோசடி இல்லை. நல்ல கை தேர்ந்தவர்கள் செய்தாலும் பத்தில் ஒன்றிரண்டு போகும், அது எனக்கும் புரிகிறது. ஒட்டவில்லை என்று சொல்லி, வா பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பணத்தைக் கேட்டேன். சிகிச்சையின் பலனுக்கு ஆஸ்பத்திரிதான் பொறுப்பு என்றது இணையதளம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், எங்களுக்கு வந்தது 1,300 டாலர்தான், மற்றதை அவர்களிடமே கேளுங்கள் என்றார்கள். 4,200 கொடுத்திருக்கிறேன், என் காதுக்குள் போனது 1,300! மிச்சம் 2,900 டாலர் "ஒருங்கிணைப்புக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று ரசீதின் பின்பக்கம் எறும்பு சைஸில் இருக்கிறது. சூட்கேஸ் எடுத்து வரச் சொன்னதற்கு 2,900 டாலர். பயணக் காப்பீட்டில் கேட்டேன், திட்டமிட்டுப் போன சிகிச்சைக்குக் கிடையாதாம். வங்கியில் கேட்டேன், நீங்களே அனுப்பிய பணம், கார்டாக இருந்தால் புகார் போட்டுப் பார்த்திருக்கலாம் என்கிறார்கள். அந்த மூன்று சதவீதத் தள்ளுபடி எதற்கு என்று இப்போது விளங்குகிறது.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது மனசு ஓடவில்லை. தோன்றுவதைச் சொல்கிறேன். கத்தி பிடிக்கப் போகிறவர் பெயரை எழுத்தில் வாங்குங்கள், மேஜையில் வேறு ஆள் வந்தால் ஊசி போடுவதற்கு முன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆடியோகிராம் எடுக்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். காது ஒழுகினால் டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள். திரும்பி வரும் தேதியை டிக்கெட் போடுகிறவர் முடிவு செய்யக் கூடாது. துணியை எடுக்கவும் தொடர்ந்து பார்க்கவும் ஊரிலேயே ஒரு டாக்டரைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். குறிப்பைக் கையில் வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். பணம் மொத்தமாக வேண்டாம், அதுவும் வங்கிப் பரிமாற்றம் வேண்டவே வேண்டாம்.

இன்னும் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன். பத்து மணிக்கு எனக்கு ஆடியோகிராம், கிளம்ப வேண்டும். இந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவாராம்.