மல்லி செண்ட்: இரண்டு வருசம் பூசிப் பார்த்ததில்

சத்தியமங்கலத்துக்காரி என்பதால் மல்லி விசயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொக்குப் பறிக்கிற ஊர் எங்களுடையது. திருப்பூருக்கு வேலைக்கு வந்த பிறகு தினமும் பூ வைக்க வாய்க்கவில்லை. மார்கழி, தையில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும்போது கேட்கவே வேண்டாம். சரி, குப்பியிலாவது மல்லி இருக்கட்டும் என்று ஆரம்பித்தது இது.

முதலில் வாங்கியது 'சாஃப்ட் ஜாஸ்மின்' என்று போட்ட ஸ்பிரே. நல்ல வாசம், குறை சொல்ல முடியாது. ஆறு மாதம் அடித்துக்கொண்டு திரிந்தேன். ஊருக்குப் போனபோது அமுச்சி (அம்மாவைப் பெத்த பாட்டி) என் தோளை மோந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, சோப்புப் போட்டுக் குளிச்ச வாசந்தான வருது, பூ எங்க?" என்றது.

அதன் பிறகுதான் படித்துப் பார்த்தேன். மல்லியில் இண்டோல் என்று ஒரு பொருள் இருக்கிறது. தனியாகக் கெட்டியாக மோந்தால் பாச்சா உருண்டை நெடி, கூடவே லேசான அழுகல். பூ விரிந்து தளரும் நேரத்தில் வருகிற அந்தக் கிறக்கத்தில் இதற்குப் பெரிய பங்கு. மென்மை வேண்டும் என்று செண்ட் செய்கிறவர்கள் முதலில் குறைப்பது இதைத்தான். அந்த இடத்தில் பெரும்பாலும் ஹெடியோன் வரும். 1966-ல் எத்மோன் ருத்னிட்ஸ்கா செய்த 'ஓ சவாஜ்' என்ற செண்ட் மூலம் பேர் வாங்கிய செயற்கைப் பொருள்; மல்லியின் மேல் காற்று அடித்த மாதிரி லேசாக இருக்கும். கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஏசி ஆபீஸுக்கு அதுதான் தோது.

அப்புறம் நிஜப் பூவில் எடுத்த அப்சொல்யூட் என்கிற கெட்டி வாசனைச் சாறு மூன்று மில்லி வாங்கினேன். ஆவியில் வடித்து எடுக்கலாம் என்றால் மல்லிக்கு அந்தச் சூடு ஆகாது. பறித்த மொக்கு சாயங்காலம் விரியும்வரை காத்திருந்து, ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, மெழுகோடு வருவதை ஆல்கஹாலில் பிரித்து எடுக்கிறார்கள். விலை கசந்தது, ஒரு கிலோ அப்சொல்யூட்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ என்ற கணக்கை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேராகப் பூசக்கூடாது, எண்ணெயில் கலக்க வேண்டும். தேங்காயெண்ணெயில் கலந்தேன், மார்கழிக் காலையில் குப்பிக்குள் உறைந்து கிடந்தது. பாதாம் எண்ணெய்க்கு மாறிய பிறகு தொல்லை இல்லை. மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்தால் முதல் பத்து நிமிசம் வாழைப்பழத்தோல் மாதிரி ஒரு இனிப்பு, கொஞ்சம் பச்சை. அரை மணி கழித்துத்தான் பூ வரும். அதற்குள் நம் மூக்குக்குப் பழகிவிடும். நமக்குத் தெரியவில்லை என்று இன்னொரு பொட்டு வைத்தால் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தலைவலி. நான் வாங்கிக் கட்டியிருக்கிறேன். சித்திரை வெயிலில் அந்த அழுகல் பக்கம் தூக்கலாகத் தெரியும், பஸ்ஸில் போகிற நாளில் வேண்டாம்.

பனியன் ஊரில் இருப்பதால் இன்னொன்று கவனித்தேன். தோலில் நான்கு மணி நேரம் நிற்பது காட்டன் துப்பட்டாவில் மறுநாளும் நிற்கிறது. ஆனால் துணியில் போடாதீர்கள். துணி வாங்க வரும் பையருக்குக் காட்ட வைத்திருந்த வெள்ளை சாம்பிள் பீஸில் என் மணிக்கட்டு பட்டு மஞ்சளாக ஒரு வட்டம். துவைத்தும் முழுசாகப் போகவில்லை. எண்ணெய்க் கறை ஒரு பக்கம், இண்டோலும் நாள்பட நிறம் மாறக்கூடியது.

இப்போது ஆபீஸுக்கு ஸ்பிரே, கல்யாணம் காட்சிக்கு, அதுவும் ராத்திரி முகூர்த்தம் என்றால் மட்டும், அப்சொல்யூட். குப்பியில் இன்னும் கால்வாசி இருக்கிறது. வாங்கியபோது தேன் நிறம், இப்போது கருப்பட்டிப் பாகு. வாசம் கெடவில்லை, பச்சை வாடைதான் குறைந்திருக்கிறது. போன தடவை ஊருக்குப் போனபோது அமுச்சி கேட்காமலேயே மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தது. "இது பூதான். நேத்து வச்ச பூ."