முதுகுக்காக வாங்கிய கார்: ஃபீல்டர் ஹைபிரிட், நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு

இலங்கையில் பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் என்றால் பிரியஸ், அக்குவா, ஆக்சியோ என்ற மூன்று பெயர்கள்தான் உடனே வாயில் வரும். ஆக்சியோவின் கூரையைப் பின்பக்கம் வரைக்கும் இழுத்து நீட்டியதுபோல இன்னொன்று இருக்கிறது: ரொயோட்டா கொரோலா ஃபீல்டர். அதைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் குறைவு. எங்கள் வீட்டில் இருப்பது 2015இல் முகம் மாற்றி வந்த ஹைபிரிட். யப்பானில் ஓடிய வண்டியாக 2017இல் வாங்கியது. அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரே கார் அதுதான். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள், கொழும்பு நெரிசல், நுவரெலியா ஏற்றம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டது.

'புதிய வடிவம்' என்று விற்பவர்கள் சொல்வதில் எவ்வளவு புதிது என்பதை முதலில் பார்ப்போம். எங்களிடம் உள்ளது ஃபீல்டரின் மூன்றாம் தலைமுறை. யப்பானில் 2012 மே மாதம் வந்தது. ஹைபிரிட் 2013 ஓகஸ்டில் சேர்ந்தது. 2015இல் முன் பம்பர், கிறில், விளக்கு ஆகியவற்றை மாற்றினார்கள். உள்ளே மீற்றர்களுக்கு நடுவில் ஒரு வண்ணத் திரை வந்தது. மோதலைத் தவிர்க்க உதவும் சேஃப்டி சென்ஸ் சி என்ற தொகுதியும் வந்தது. கதவுகள், கூரை, இருக்கைகள், ஹைபிரிட் எஞ்சின், கீழே உள்ள சஸ்பென்ஷன் அமைப்பு எல்லாம் பழையவைதான். பழைய முகம் கொஞ்சம் அப்பாவித்தனமானது. புதியது யாரையோ முறைப்பதுபோல் இருக்கிறது. எனக்குப் பழையதுதான் பிடிக்கும், மனைவிக்குப் புதியது. காசு கொடுக்கும்போது அவர் சொன்னது நடந்தது. ஆனால் இதை வாங்கத் தீர்மானித்தது இரண்டு பேரும் பின்கதவைத் திறந்து பார்த்த பிறகுதான்.

அகலம் 1695 மில்லிமீற்றர். இது தற்செயலாக வந்த எண் அல்ல. யப்பானில் 1700ஐத் தாண்டினால் கார் பெரிய வகுப்புக்குள் போய்விடும். உலகச் சந்தைக் கொரோலா அகன்றுகொண்டே போனபோது, யப்பானுக்குரிய கொரோலாவை மட்டும் சிறிய விட்ஸ் காரின் அடித்தள வகையில் குறுகலாகவே வைத்துக்கொண்டார்கள். அங்கே சட்டத்துக்காகச் செய்தது இங்கே எங்கள் ஒழுங்கைக்குப் பொருந்தியது. இரண்டு பக்கமும் மதில், நடுவில் ஒரு சைக்கிள்காரர், எதிரே ஓட்டோ. இந்த நிலையில் ஃபீல்டரை வளைத்து எடுக்கலாம். திரும்பும் ஆரை 4.9 மீற்றர்தான். இதைவிட நீளம் குறைந்த சில ஜீப் வகைகள் எங்கள் மூலையில் இரண்டு தடவை முன்பின் போய்த்தான் திரும்புகின்றன.

இனி டிக்கி. இருக்கைகள் நிமிர்ந்திருக்கும்போது 407 லீற்றர், மடித்தால் 872 லீற்றர். எண்ணாகப் பார்த்தால் 407 பெரிய விஷயம் இல்லை. ஒரு பெரிய செடான் காரிலும் அவ்வளவு கிடைக்கும். ஆனால் செடானின் வாய் சிறியது. ஃபீல்டரில் கதவு கூரையோடு மேலே போய்விடும், தளம் முழங்கால் உயரத்தில் இருக்கும். பாரமான பெட்டியை நெஞ்சுவரை தூக்காமல் விளிம்பில் வைத்துத் தள்ளிவிடலாம். டிக்கிப் பக்கத்திலேயே இருக்கும் லீவரை இழுத்தால் பின் இருக்கை தானாக முன்னுக்கு விழும். ஒரு கையில் பை இருந்தாலும் செய்யலாம். இந்தச் சின்ன லீவரை யோசித்தவருக்கு நான் மனதுக்குள் எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறேன்.

ஆனி, ஆடியில் கொழும்புக்குப் போகிற யாழ்ப்பாணக் கார் வெறுமையாகப் போனதாகச் சரித்திரம் இல்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டி, முருங்கைக்காய்க் கட்டு, மிளகாய்த்தூள், ஒடியல் மா, யாரோ யாருக்கோ கொடுத்துவிட்ட ஒரு பொதி. திரும்பி வரும்போது வேறு சாமான்கள். முருங்கைக்காயை முறிக்காமல் நீட்டி வைக்கலாம் என்பதே எங்கள் அம்மாவிடம் இந்தக் கார் எடுத்த முதல் நற்சான்றிதழ். ஒரு பக்க இருக்கையை மட்டும் மடித்து, மற்றப் பக்கத்தில் மாமியை வசதியாக உட்கார வைத்து, நடுவில் மகனின் சைக்கிளைக் கிடத்திக் கொண்டுபோன பயணங்களும் உண்டு.

ஆனால் பார வேலைக்கு இது ஆள் இல்லை. தொண்ணூறுகளின் கொரோலா சிஈ106 டீசல் வாகன் ஓடியவர்கள் அந்த நினைப்போடு இதற்குள் சீமெந்து மூட்டை அடுக்கக் கூடாது. ஐந்து பேரும் முழு டிக்கியும் என்றால் பின்பக்கம் நன்றாகப் பதியும். ஹெட்லைட் மரக்கிளைகளைக் காட்டத் தொடங்கும். உள்ளே இருக்கும் சுழல் குமிழால் விளக்கைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். அதைப் பலர் கவனிப்பதே இல்லை, எதிரே வருகிறவர்தான் பாவம். வண்டியின் வயிறும் தாழ்வு. மாரியில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கைக்குள் நான் இதை இறக்குவதில்லை. கோயில் வீதிகளில் உயரமாகப் போட்டிருக்கும் வேகத்தடைகளில் சரிவாக ஏற்றி இறக்குவது இப்போது பழகிவிட்டது.

எஞ்சின் 1.5 லீற்றர், 74 குதிரைவலு. மின்மோட்டார் 61 குதிரைவலு. இரண்டும் சேர்ந்து 135 என்று கூட்டக் கூடாது, தொகுதியாகக் கிடைப்பது 100தான். அக்குவாவில் இருக்கும் அதே அமைப்பு. அதனால் உதிரிப்பாகமும் கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்கும் இலங்கையில் எங்கும் கிடைக்கும். கியர் என்று மாற எதுவும் இல்லை. கோள்சக்கர அமைப்பு ஒன்று எஞ்சினையும் மோட்டாரையும் கலந்து கொடுக்கிறது. நகருக்குள் சத்தமே இல்லாமல் நகரும். எங்கள் பக்கத்தில் பழைய ஒஸ்ரின் ஏ40 கார் காலத்திலிருந்து வேலை செய்யும் ஒரு மெக்கானிக் அண்ணை, காரை முதல் நாள் ஸ்ரார்ட் பண்ணிக் காட்டியபோது, "தம்பி, ஸ்ரார்ட் பண்ணுமன்" என்றார். அது ஏற்கெனவே ஸ்ரார்ட்டில்தான் நின்றது.

ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டி வவுனியா வரைக்கும் சமதரையில் இது சொர்க்கம். 70, 80இல் விட்டால் எஞ்சின் அடிக்கடி அணைந்து அணைந்து எரியும். முந்திச் செல்லும்போதுதான் யோசிக்க வேண்டும். லொறியின் பின்னால் வந்து காலை மிதித்தால் முதலில் சத்தம் வரும், வேகம் பிறகுதான் வரும். மிதிக்க முன்னர் இடைவெளியை நன்றாகப் பார்த்துக்கொள்வேன்.

மலை வேறு கதை. கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியா ஏறும்போது, ஐந்து பேரும் சாமானும் இருந்தால் எஞ்சின் ஒரே சுருதியில் அலறிக்கொண்டே போகும். ஏறும், நிற்காது, ஆனால் கேட்க இனிமையாக இருக்காது. இறக்கத்தில் மாறாக பற்றரி நிரம்பிக்கொண்டே வரும். முற்றாக நிரம்பிய பிறகு திடீரென்று எஞ்சின் வேகமாகச் சுழலும் சத்தம் கேட்கும். மின்சாரத்தை வைக்க இடம் இல்லாததால் எஞ்சினைச் சுழற்றி அதன் இழுவையால் வண்டியைப் பிடிக்கிறது. அதுதான் காரணம். முதல் தடவை மாமி "கார் வெடிக்கப் போகுதோ" என்று கேட்டார். நீண்ட இறக்கத்துக்கு லீவரில் உள்ள பி நிலையைப் போட்டுக்கொண்டால் பிரேக் சூடாகாது. சமதரையில் பி போட்டு ஓடுவது வெறும் பெற்றோல் நட்டம்.

பெற்றோல் கணக்கு. யப்பானின் ஜேசி08 சோதனையில் இதற்குக் கொடுத்தது லீற்றருக்கு 33 கிலோமீற்றருக்கும் மேல். அந்த எண்ணை இங்கே யாரும் காணப்போவதில்லை. எங்களுக்கு நெடும்பயணத்தில் ஏசியோடு 22, 23 கிடைக்கிறது. யாழ்ப்பாண நகரத்துக்குள் 18, 19. சித்திரை வெயிலில் இன்னும் கொஞ்சம் குறையும். ஏசி கம்பிரசர் மின்சாரத்தில் ஓடுவது. எஞ்சின் அணைந்தாலும் குளிர் நிற்காது, அது பெரிய வசதி. ஆனால் பற்றரி இறங்கியதும் அதை நிரப்பவே எஞ்சின் எழும்பும். வெயிலில் ஏசியைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தால் அதற்கும் பெற்றோல்தான் போகிறது.

இந்தக் காரின் உண்மையான அருமை 2022இல்தான் தெரிந்தது. 2021 தொடக்கத்தில் 137 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல், 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா ஆனது. அதுவும் கிடைத்தால்தான். பெற்றோல் செட் வாசலில் நாள்கணக்கில் வரிசை. பிறகு ஜூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கு எடுக்கும் முறை வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். எங்கள் தாங்கியே 36 லீற்றர்தான். ஒரு கிழமைப் பங்கோடு கொழும்பு போய்ச் சேரலாம், மறு கிழமைப் பங்கோடு திரும்பி வரலாம். அந்த மாதங்களில் உறவினர் ஒருவரின் வைத்தியத்துக்காக நாங்கள் அப்படித்தான் போய்வந்தோம். அதே தெருவில் பெரிய எஞ்சின் ஜீப்புகள் உறை போட்டு நின்றன.

பற்றரிதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகை, 20 மொடியூல்கள் (தனித்தனிப் பற்றரித் துண்டுகள்), 144 வோல்ற். பின் இருக்கையின் கீழே இருக்கிறது, அதனால் டிக்கி இடம் குறையவில்லை. அதற்குக் காற்று எடுக்கும் துவாரம் பின் இருக்கையின் ஓரத்தில் இருக்கிறது. இங்கே பழைய கார் வாங்கினால் செய்கிற முதல் வேலை சீற் கவர் போடுவது. அந்தத் துவாரத்தையும் சேர்த்து மூடித் தைத்துவிடும் கடைகள் உண்டு. இல்லாவிட்டால் பிள்ளைகளின் புத்தகப் பை அதை அடைத்துக்கொண்டு கிடக்கும். வடக்கின் வெப்பத்துக்கும் செம்மண் தூசுக்கும் இது சரிவராது. ஒருமுறை பற்றரிப் பக்கத்து விசிறி ஓயாமல் இரைந்தது. ஒரு கராஜில் ஸ்கான் பண்ணிவிட்டு, பற்றரி முடிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். விலையும் சொல்லிவிட்டார்கள். வேறொருவர் விசிறியைக் கழற்றிக் காட்டினார். தூசும் நூலும் ஒரு பஞ்சு மெத்தையாகப் படிந்திருந்தது. துப்புரவு செய்து பூட்டியதோடு சரி. இப்போது ஒவ்வொரு பெரிய சேர்விஸிலும் அதைக் கழற்றித் துடைக்கச் சொல்கிறேன்.

பற்றரி இன்னும் கம்பனியோடு வந்ததுதான். கிழமாகிறது என்பது தெரிகிறது. முன்பைவிடச் சீக்கிரம் நிரம்புகிறது, சீக்கிரம் இறங்குகிறது, லீற்றருக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் அளவில் குறைந்திருக்கிறது. பழுதான ஒன்றிரண்டு மொடியூலை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவர்கள் பலர் இருக்கிறார்கள். புதியதும் பழையதும் ஒரே தொகுதியில் சமனாக வேலை செய்யாது. சில மாதங்களில் வேறொன்று படுக்கும். காரை விற்கப்போகிறவருக்கு அது போதும், வைத்திருக்கப்போகிறவருக்கு முழுத் தொகுதியையும் மாற்றுவதுதான் கடைசியில் மலிவு.

மற்றப் பராமரிப்பில் சொல்ல அதிகம் இல்லை. ரைமிங் பெல்ற் கிடையாது, செயின்தான். பிரேக்கின் பாதி வேலையை மோட்டார் பார்த்துக்கொள்வதால் பிரேக் பாட் நெடுங்காலம் வருகிறது. பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றிக் கொடுக்கும் இன்வேர்ட்டரைக் குளிர்விக்கும் திரவத்துக்குத் தனி டப்பா இருக்கிறது, ரேடியேற்றரை மட்டும் பார்த்துவிட்டு இதை மறந்துவிடுவார்கள். எங்களுக்கு வந்த காரில் ஸ்பெயார் ரயர் இல்லை, பஞ்சர் ஒட்டும் திரவமும் காற்றுப் பம்பும்தான் இருந்தன. மாங்குளத்துக்கு அப்பால் இரவில் ரயர் கிழிந்தால் திரவம் என்ன செய்யும்? ஒரு மெல்லிய ஸ்பெயார் சில்லு வாங்கி டிக்கியில் போட்டுவிட்டேன். அதனால் கொஞ்சம் இடம் போனது, பரவாயில்லை.

சேஃப்டி சென்ஸ் பற்றி என்ன சொல்வது? முன்னால் உள்ள வாகனத்தில் மோதப்போகிறோம் என்று கண்டால் தானே பிரேக் பிடிக்கும். கோடு தாண்டினால் கூவும். கோடு நேராக ஓடும் நாட்டுக்குச் செய்தது. இங்கே உழவு இயந்திரத்தையும் மாட்டையும் விலத்தி விலத்திப் போகும்போது ஓயாமல் கூவிக்கொண்டிருந்தது, கோட்டுக்குரிய பொத்தானை அணைத்துவிட்டேன். பிரேக் பகுதியை அணைக்கவில்லை. கொழும்பில் ஒருமுறை திடீரென்று நின்ற பேருந்தின் பின்னால் எனக்கு முன்னரே அது எச்சரித்தது. இதன் கமெரா கண்ணாடியின் மேற்பகுதியில் இருக்கிறது. முன்கண்ணாடி மாற்ற வேண்டி வந்தால் கமெராவை மறுபடி அளவு திருத்தத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

ரேடியோ யப்பானிய எஃப்எம் அலைவரிசைக்கானது, 90 மெகாஹேர்ட்ஸை அண்டியே முடிந்துவிடும். எங்கள் நிலையங்கள் பெரும்பாலும் அதற்கு மேலே. இதற்கென்று விற்கும் மாற்றிக் கருவியைப் பூட்டினாலும் எண்கள் எல்லாம் பிழையாகத்தான் காட்டும். கடைசியில் செற்றையே மாற்றினோம். மழைச் சத்தம் கூரையில் நன்றாகக் கேட்கும், கரடான தார் வீதியில் ரயர் இரைச்சல் உள்ளே வரும். டாஷ்போர்ட் பிளாஸ்ரிக் கடினமானது, நகம் பட்டால் கீறல் விழும். இந்த விலைக்கு இதைவிட நன்றாகச் செய்திருக்கலாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, ஓடிய கார்களின் விலை வாங்கியதைவிட மேலே போனது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இந்தக் காலத்தில் கைமாறிய ஃபீல்டர்கள் பல மூன்று நான்கு பேரிடம் போயிருக்கும். இப்போது ஒன்றைப் பார்க்கப் போகிறவர் காரின் நிலையையும் ஓடிய தூரத்தையும் குறித்திருக்கும் யப்பான் ஏலத் தாளைக் கேளுங்கள், மீற்றரை மட்டும் நம்பாதீர்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது போங்கள். பற்றரி மொடியூல்களின் வோல்ற் அளவை நீங்கள் கூட்டிப்போகும் ஆளே ஸ்கான் பண்ணட்டும். பிறகு பின் இருக்கையை மடித்து, டிக்கித் தளப் பலகையைத் தூக்கி, கீழே துருவும் ஈரமும் இருக்கிறதா என்று பாருங்கள். விற்கிறவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அடுத்த காரைப் பார்க்கலாம், ஆக்சியோவாக இருந்தாலும்.