டொல்பின் வான் வாங்கப் போகிறவர்கள் கவனம்: அந்த லைட் எரியாதது நல்ல செய்தி அல்ல

திருகோணமலைப் பக்கம் பழைய டீசல் வான் வாங்கத் திரிகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ரைமிங் பெல்ட் போன வருசம்தான் மாத்தினது" என்று விற்கிறவர் சொன்னால், மாற்றவே இல்லை என்று கணக்கெடுத்துக்கொண்டு விலையைப் பேசுங்கள். ரைமிங் பெல்ட் என்பது எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் நேரம் பிசகாமல் சேர்ந்து ஓட வைக்கிற ரப்பர் பட்டி. எங்களிடம் அப்படிச் சொல்லித்தான் ஒரு டொல்பின் வானை (பழைய ரொயோட்டா ஹையேஸ்) தலையில் கட்டினார்கள்.

பார்க்க வடிவான வான். புதுப் பெயின்ட், ரயர் நாலும் நல்லது, ரொயோட்டாவின் 3எல் டீசல் எஞ்சின். பெல்ட்டைப் பற்றி நேரடியாகவே கேட்டோம். விற்றவர் முன் சீற்றைத் தூக்கி, ரைமிங் கவரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். மாற்றிய திகதியும் கிலோமீற்றரும் நீலப் பேனாவில் அழகாக எழுதியிருந்தது. "லைட்டும் எரியேல்லைத்தானே தம்பி, எரிஞ்சால்தான் மாத்தோணும். பயப்பிடாம ஓடுங்கோ" என்றார்.

அவர் சொன்ன லைட் என்னவென்றால், ரொயோட்டா டீசல் வாகனங்கள் பலவற்றில் மீட்டருக்குள் ரீ-பெல்ட் (T-BELT) என்று ஒரு விளக்கு இருக்கும். 3எல் எஞ்சினில் பெல்ட்டின் ஆயுள் 100,000 கிலோமீற்றர். அந்தக் கணக்கு வந்ததும் லைட் எரியும், பெல்ட்டை மாற்றிவிட்டு ரீசெட் பண்ண வேண்டும். ஆனால் கணக்கு வராத நாளிலும், சாவியை ஓன் பண்ணியவுடன் ஒயில் லைட், பற்றரி லைட்டோடு சேர்ந்து அதுவும் ஒருமுறை எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எங்கள் வானில் அது எந்த நேரத்திலும் எரியவில்லை. பிறகு மீட்டரைக் கழற்றியபோதுதான் விசயம் வெளித்தது. மற்ற எல்லா இடத்திலும் பல்ப் இருக்கிறது, அந்த ஓட்டையில் மட்டும் பல்பே இல்லை. யாரோ வேலை மினக்கெட்டுக் கழற்றியிருக்கிறார்கள்.

கொழும்பிலிருந்து திரும்பி வரும்போது, ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில், பொழுதுபட்ட நேரத்தில் எஞ்சின் நின்றது. அந்தப் பாதையில் இருட்டினால் யானை ஏறும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முன்கூட்டி ஒரு சத்தமோ புகையோ இல்லை. ஸ்டார்ட் அடித்தால் வழக்கமான பாரமான சத்தம் வராமல், எதையும் இழுக்காதது போல விர்ரென்று சும்மா சுற்றுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள், திரும்பத் திரும்ப அடித்தால் சேதம்தான் கூடும். ஒரு லொறிக்காரர் கயிறு போட்டுக் கந்தளாய் வரை இழுத்து வந்தார். அவர் காசு வாங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

ஊரில் கராஜில் திறந்தபோது பெல்ட்டின் முதுகு தேய்ந்து மினுங்கியது. ஒரு சாண் நீளத்துக்குப் பல்லே இல்லை, மிஞ்சிய பற்களும் அடியில் வெடித்திருந்தன. முன் சீலால் கசிந்த ஒயில் அதில் ஊறிக் கிடந்தது. பெல்ட்டுக்கு ஒயில் பட்டால் கிலோமீற்றர் கணக்கெல்லாம் செல்லாது. மெக்கானிக் எனக்குக் காட்டியது கவரைத்தான். ஸ்டிக்கர் ஒட்டுவதற்காக ஒரு சதுரம் மட்டும் துடைத்திருக்கிறார்கள், சுற்றிலும் பழைய ஒயில் அழுக்கு. கவரின் போல்ட் தலைகளில் அது கட்டியாகவே காய்ந்திருந்தது. பல வருசமாக ஸ்பானரே படாத போல்ட்டுகள். அந்தக் கவரைக் கழற்றாமல் பெல்ட் மாற்ற வழியே இல்லை.

வால்வுகள் வளைந்து, ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி, பெல்ட் வேலையைப்போல பல மடங்கு செலவு. விற்றவருக்கு அழைத்தால், "மெசின் சாமான், எப்ப உடையும் எண்டு ஆருக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டார். அடுத்த நாள் முதல் போனே எடுக்கவில்லை.

எல்லா எஞ்சினுக்கும் இந்தக் கதி வராது. கொரோலா 110இல் வரும் 5ஏ பெற்றோல் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வண்டி நடுவழியில் நிற்கும், அவ்வளவுதான், பிஸ்டன் வால்வில் இடிக்காது. டீசலில் இரண்டுக்கும் இடையில் இடம் இல்லை, அறுந்தால் இடிதான். விட்ஸ், அக்ஸியோ போன்றவற்றில் பெல்ட்டே கிடையாது, செயின். கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த ஒருவரின் அக்ஸியோவுக்கு "ரைமிங் பெல்ட் மாற்றியது" என்று பில் போட்டிருந்தார்கள். மாற்றியது வெளியே ஓடும் ஃபேன் பெல்ட். அப்படியும் நடக்கிறது.

ஆகவே வாங்கப் போனால் சாவியைப் போட்டு, ஸ்டார்ட் பண்ணாமல் மீட்டரைப் பாருங்கள். அந்த லைட் வராவிட்டால் மற்றக் கதைகளை நம்ப வேண்டாம். வாகன இலக்கமும் கிலோமீற்றரும் எழுதிய கராஜ் பில் கேளுங்கள், ஸ்டிக்கர் பில் ஆகாது. மீட்டரையே பின்னுக்குச் சுற்றி விற்கிற நாட்டில் கிலோமீற்றரை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பதும் வீண். ஓடாமல் நின்றாலும் ரப்பர் காலத்தோடு இறுகும். பில் இல்லாவிட்டால் வாங்கிய கையோடு மாற்றிவிடுவதுதான் என் முடிவு, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற ரென்ஷனர் பெயாரிங்கும், ஒயில் கசியாமல் தடுக்கிற முன் சீல்களும் சேர்த்தே போட வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பெல்ட்டும் பழைய பெயாரிங்கால் போகும். கொழும்பில் வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் எடுப்பித்தாலும் கடை பில்லோடு எடுங்கள். பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். புதுசைப் போட்டதும் உடனே ஸ்டார்ட் அடிக்க விடவேண்டாம்: ஸ்பானரால் எஞ்சினைக் கையாலே இரண்டு சுற்றுச் சுற்றி, பெல்ட் ஓடும் சக்கரங்களில் உள்ள மார்க்குகள் திரும்பவும் நேரே வருகிறதா என்று உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் பிறகு சாவியைப் போடலாம்.