மொனார்க்குக்கு எந்த மில்க்வீட்?

வட அமெரிக்கப் புல்வெளிப் பூக்களில் வீட்டுத் தோட்டத்துக்கு ஒன்றே ஒன்று போதும் என்றால் மில்க்வீட் என்றுதான் சொல்வேன். மொனார்க் பட்டாம்பூச்சியின் புழு இந்தச் செடிகளின் இலையைத் தின்றுதான் வளர முடியும். இல்லினாய், அயோவா மாநிலங்களில் உயரமான புல் வளர்ந்த புல்வெளியில் ஒரு சதவீதம்கூட மிஞ்சவில்லை. எல்லாம் மக்காச்சோளமும் சோயாவும் ஆகிவிட்டன. அந்த நிலையில் வேலியோரம் நிற்கும் நாலு செடிக்கும் மதிப்பு உண்டு.

இது நம் எருக்கின் குடும்பம். மகரந்தம் பொடியாக உதிராமல் ஜோடிப் பைகளாக ஒட்டியிருக்கும். தேன் குடிக்க வரும் வண்டின் கால் பூவின் இடுக்கில் சிக்கி, அந்தப் பைகளை இழுத்துக்கொண்டு போகும்.

எந்த மில்க்வீட் என்பதைப் பலரும் பூவின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பார்க்க வேண்டியது மண்ணை.

நாற்றங்காலில் முதலில் கண்ணைப் பறிப்பது பட்டர்ஃப்ளை வீட் என்ற ஆரஞ்சு நிற மில்க்வீட். இரண்டடி உயரம், கட்டுக்கோப்பான வளர்ச்சி. அமெரிக்கப் பல்லாண்டுச் செடிகள் சங்கம் 2017ஆம் ஆண்டின் செடியாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது. முழு வெயிலும் தண்ணீர் வடியும் மணற்பாங்கான மண்ணும் இருந்தால் பிறகு கவனிக்கவே வேண்டாம். ஆழத்துக்கு இறங்கும் ஆணிவேர் வறட்சியைத் தாங்கிவிடும். அந்த வேர்தான் சிக்கலும்: ஊன்றிய செடியைப் பெயர்த்து நட்டால் பிழைப்பது அரிது. களிமண்ணில் குளிர்கால ஈரம் தேங்கினால் வேர் அழுகிவிடும். வசந்தத்தில் மற்றதெல்லாம் தழைத்த பிறகும் இது மண்ணுக்குள்ளேயே கிடக்கும். செத்துவிட்டது என்று கொத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். இலையுதிர் காலத்திலேயே அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள்.

இதற்கு நேர் எதிர் ஸ்வாம்ப் மில்க்வீட். நாலடி வரை உயரும், இளஞ்சிவப்புப் பூ, மெல்லிய வனிலா மணம். ஈரத்தில் பிறந்த செடி என்பதால் களிமண்ணோடு சண்டை போடாது. கோடையில் தண்ணீர் மட்டும் குறைய விடக் கூடாது.

இரண்டின் இலையையும் கிள்ளிப் பாருங்கள். பட்டர்ஃப்ளை வீட்டில் தெளிந்த சாறு கசியும். ஸ்வாம்ப் மில்க்வீட்டில் வெள்ளைப் பால் துளிர்க்கும். பால் மிகுந்த இலையில் மொனார்க் புழு நேரே வாய் வைக்காது. முதலில் நடு நரம்பைக் கடித்து, பால் வடிந்து இலை தொங்கிய பிறகே நுனியிலிருந்து தின்னத் தொடங்கும். அந்தப் பாலில் உள்ள, இதயத்தைத் தாக்கும் நஞ்சுதான் பட்டாம்பூச்சியைப் பறவைகளிடமிருந்து காக்கிறது. பட்டர்ஃப்ளை வீட்டில் இந்த நஞ்சு குறைவு. மொனார்க் அதில் இடும் முட்டைகளும் பொதுவாகக் குறைவு. பட்டாம்பூச்சிக்காகத்தான் நடுகிறீர்கள், ஓரளவு ஈரமும் இருக்கிறது என்றால் என் தேர்வு ஸ்வாம்ப் மில்க்வீட்தான்.

காமன் மில்க்வீட்டையும் மொனார்க்குகள் விரும்பும். ஆனால் மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு ஓடி, எதிர்பாராத இடத்திலெல்லாம் தலைகாட்டும். அரை ஏக்கர் இருந்தால் தாராளமாக விடலாம். சிறு பாத்திக்கு ஆகாது. களையாகவே பார்க்கப்பட்ட இந்தச் செடியைக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2014இல்தான் களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜாவாவிலிருந்து வந்த இலவம்பஞ்சு நின்றுபோனபோது, உயிர்காப்பு அங்கிகளுக்காக இதன் காய்களைப் பள்ளிக் குழந்தைகள் மூட்டை மூட்டையாகப் பறித்துக் கொடுத்தார்கள்.

கடைகளில் சிவப்பும் மஞ்சளுமாக விற்கும் வெப்பமண்டல மில்க்வீட்டை நான் வாங்க மாட்டேன். டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற வெப்பமான பகுதிகளில் அது குளிர்காலத்திலும் பட்டுப்போவதில்லை; மொனார்க்கைத் தாக்கும் ஒட்டுண்ணியின் வித்துகள் இலைகளில் சேர்ந்துகொண்டே போகின்றன.

விதையிலிருந்து வளர்ப்பதில் வட அமெரிக்காவுக்கே உரிய முதல் மூன்று மில்க்வீட்களுக்கும் ஒரே வழிதான். ஈர மணலில் கலந்து குளிர்பதனப் பெட்டியில் ஒரு மாதமாவது வைத்த பிறகு விதைக்க வேண்டும். இல்லையென்றால் இலையுதிர் கால முடிவில் நேரே மண்ணில் தூவிவிட்டு மிச்சத்தைப் பனியிடம் விடலாம். பட்டர்ஃப்ளை வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி, வேர் கலையாது. முதல் ஆண்டில் பூவை எதிர்பார்க்க வேண்டாம்.

கோடை நடுவில் தண்டெல்லாம் மஞ்சள் அசுவினி மொய்க்கும், நம் ஊர் எருக்கில் மொய்க்கும் அதே பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும்; மருந்து தெளித்தால் மொனார்க் புழுவும் சேர்ந்து சாகும். நாற்று வாங்கும்போதும் நியோனிகோட்டினாய்டு பூச்சிமருந்து போட்டு வளர்த்ததா என்று கேளுங்கள். அது இலைக்குள்ளேயே ஊறியிருக்கும், கழுவினால் போகாது. கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை என்றால் விதைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.